வேடம் பாதி, பார்ப்பவர் பாதி

ஹாலோவீன், காஸ்ப்ளே என்று உலகமே வேஷம் கட்டுகிறது. சிரிப்பு எந்த இடத்தில் பிறக்கிறது, எந்த இடத்தில் செத்துப் போகிறது?

மேடைக்கு வருகிறவருக்குக் கொம்பு இல்லை, கோரைப்பல் இல்லை, உடம்பில் ரத்தக்கறை இல்லை. சாதாரணச் சட்டை, சாதாரணச் செருப்பு, கையில் ஒரு பிளாஸ்டிக் தம்ளர். பார்த்தால் பக்கத்து வீட்டுக்காரரைப் போல இருக்கிறார். கூட்டத்துக்கு ஒன்றும் புரிவதில்லை. வந்தவர் இன்னொரு கையில் இருக்கும் அட்டையைத் திருப்பிக் காட்டுகிறார். 'உணவு விடுதியில் தண்ணீர் பிடிக்கப் போய், திரும்பி வரும்போது தன் மேஜை எது என்று தெரியாமல் விழிப்பவர்.' ஒரு நொடி மௌனம். அடுத்து அரங்கம் முழுவதும் 'ஆ...' என்று ஒரு குரல். அதன் பின்னாலேயே சிரிப்பு.

ஜப்பானில் இந்த ரக வேடிக்கைக்கு 'ஜிமி ஹாலோவீன்' என்று பெயர். 'ஜிமி' என்றால் பகட்டில்லாதது, அடக்கமானது. டோக்கியோவின் ஷிபுயா வட்டாரத்தில் அக்டோபர் கடைசியில் பேய்களும் சூனியக்காரிகளும் தெருவை அடைத்துக்கொண்டு கூத்தடித்த காலம் அது. வேஷம் போட ஆசை, ஆனால் அந்த அளவுக்குப் பகட்டாகப் போட வெட்கம் என்று தயங்கிய பெரியவர்கள் சிலர் 2014-இல் இதைத் தொடங்கினார்கள். விதி ஒன்றுதான்: தினமும் கண்ணில் படுகிற, ஆனால் யாரும் கவனிக்காத ஓர் ஆளாக வர வேண்டும். கடையில் வாங்க வேண்டியது ஏதுமில்லை. வீட்டு அலமாரியே போதும். தேவைப்படுவது கண்.

ஆள் பாதி, ஆடை பாதி என்பார்கள். வேடிக்கை வேஷத்துக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. அங்கே வேடம் பாதி, பார்ப்பவர் பாதி. போட்டவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், எதிரே நிற்பவர் 'அட, இதுவா!' என்று கண்டுபிடிக்கும்வரை அந்த வேஷம் முடிவதில்லை. ஹாலோவீன், காஸ்ப்ளே இரண்டின் சந்தோஷமும் இந்த ஒரு கணத்தில்தான் இருக்கிறது. அவற்றின் விபரீதமும் அங்கேதான்.

வியாபாரிகளுக்கு இந்தக் கண்டுபிடிப்பு நேரம் பிடிக்காது. அமெரிக்காவில் 1937-இல் தொடங்கிய பென் கூப்பர் என்ற நிறுவனம், ஒரு முகமூடியையும் மெல்லிய பிளாஸ்டிக் அங்கியையும் பெட்டியில் போட்டுக் குழந்தைகளுக்கு விற்றது. காமிக்ஸில் 1962-இல் தலைகாட்டிய ஸ்பைடர்மேனை அடுத்த வருஷமே பெட்டிக்குள் அடைத்து அலமாரியில் ஏற்றிய சுறுசுறுப்பு அவர்களுடையது. ஆனால் அந்த உடைகளில் ஒரு விசித்திரம் இருந்தது. மார்பில் அந்தந்தப் பாத்திரத்தின் படத்தையோ பெயரையோ பெரிதாக அச்சிட்டிருப்பார்கள். தன் சொந்தப் படத்தைத் தானே மார்பில் ஒட்டிக்கொண்டு ஊர் சுற்றும் வீராதிவீரன் எந்தக் கதையில் உண்டு? பார்ப்பவர் யோசிக்க வேண்டாம் என்று கம்பெனியே விடையை எழுதிக் கொடுத்துவிட்டது.

இந்தியப் பள்ளிக்கூடங்களின் மாறுவேடப் போட்டிக்கும் இதே நோய்தான். வாடகைக் கடையிலிருந்து வந்த தக்காளிக்குள் திணிக்கப்பட்ட நான்கு வயதுக் குழந்தை, மைக்கைப் பிடித்து 'நான்தான் தக்காளி, என்னில் வைட்டமின் சி இருக்கிறது' என்று ஒப்பித்துவிட்டு இறங்குகிறது. மூன்றாம் வகுப்பு பாரதியார் மீசை அவிழ்ந்து விழாமல் மேலுதட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். கைதட்டல் கிடைக்கும். யாருக்கும் எதையும் கண்டுபிடிக்க வேலை இருக்காது.

அமெரிக்காவில் வேஷம் இன்று பெரும் பணம் புரளும் தொழில். அந்நாட்டுத் தேசியச் சில்லறை வணிகக் கூட்டமைப்பின் கணிப்புப்படி 2023 ஹாலோவீனுக்கு மக்கள் செலவிடத் திட்டமிட்ட தொகை 1,220 கோடி டாலர். அதில் உடைகளுக்கு மட்டும் 410 கோடி. நாய், பூனைகளின் வேஷத்துக்கு 70 கோடி. பூசணிக்காய் அங்கி மாட்டிய நாயின் முகத்தில் என்ன பாவம் இருக்கும் என்பதை யாரும் கணக்கெடுக்கவில்லை.

காசுக்கும் வேஷத்தின் வீரியத்துக்கும் சம்பந்தமில்லை என்பதை ஹாலிவுட்டே நிரூபித்திருக்கிறது. 1978-இல் வெளியான 'ஹாலோவீன்' படத்துக்குக் கையில் பணம் குறைவு. கொலைகாரனுக்கு ஒரு முகமூடி வேண்டும். இரண்டு டாலருக்கும் குறைவான விலையில் 'ஸ்டார் டிரெக்' தொடரின் கேப்டன் கிர்க் முகமூடி ஒன்றை வாங்கினார்கள். கண் துளைகளைப் பெரிதாக்கி, வெள்ளைச் சாயம் அடித்தார்கள். விண்வெளிக் கப்பலின் அழகுக் கேப்டன், மூன்று தலைமுறையைத் தூங்கவிடாமல் செய்த மைக்கேல் மையர்ஸ் ஆகிவிட்டார். பார்த்தவர்களுக்கு அடியில் இருப்பது யார் முகம் என்று தெரியவில்லை. தெரிந்திருந்தால் சிரித்திருப்பார்கள்.

பயத்தையும் சிரிப்பையும் இப்படி ஒரே முகமூடியில் ஒட்டவைப்பது ஹாலோவீனின் பழைய குணம். தமிழ்நாட்டுக் கத்தோலிக்கர்கள் நவம்பர் 2-இல் கல்லறைத் திருநாள் கொண்டாடுகிறார்கள் அல்லவா, அதற்கு இரண்டு நாள் முன்பு வருவது ஹாலோவீன். நவம்பர் 1 சகல புனிதர்களின் திருநாள். அதன் முந்தைய மாலை என்பதுதான் பெயரின் பொருள். அதற்கும் பழைய வேர், அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் கெல்ட் இன மக்கள் கொண்டாடிய 'சௌவின்' பண்டிகை. அறுவடை முடிந்து குளிர்காலம் தொடங்கும் அந்த இரவில் இந்த உலகத்துக்கும் அந்த உலகத்துக்கும் நடுவில் உள்ள சுவர் மெலிந்துவிடும் என்று நம்பினார்கள். டர்னிப் கிழங்கைக் குடைந்து முகம் செதுக்கி விளக்கு வைத்தார்கள். 1840-களின் பஞ்சத்துக்குப் பிறகு அயர்லாந்து மக்கள் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறியபோது வழக்கமும் கூடவே போனது. அங்கே பூசணி பெரிதாகவும் குடைய எளிதாகவும் இருந்ததால் கிழங்கு ஒதுங்கிக்கொண்டது.

ஸ்காட்லாந்தில் வேஷம் போட்டு வீடு வீடாகப் போகும் சிறுவர்கள் சும்மா கையேந்துவதில்லை. ஒரு பாட்டோ, பாட்டில்லாவிட்டால் ஒரு நகைச்சுவைத் துணுக்கோ சொன்ன பிறகுதான் கொட்டையும் ஆப்பிளும் கிடைக்கும். அமெரிக்காவில் அது 'டிரிக் ஆர் டிரீட்' ஆனபோது பேரம் கொஞ்சம் முரட்டுத்தனமானது: தின்பண்டம் தருகிறாயா, இல்லை விஷமம் செய்யட்டுமா? 1920-களிலும் 30-களிலும் பையன்கள் உண்மையிலேயே விஷமம் செய்தார்கள். வேலிக் கதவைக் கழற்றி மரத்தில் மாட்டினார்கள், ஜன்னல்களை உடைத்தார்கள். ஊர்ப் பெரியவர்களுக்குத் தாங்க முடியவில்லை.

ஐயோவா மாநிலத்தின் டெமாயின் நகரம் 1938-இல் கண்ட வழி ரசிக்கத் தக்கது. குழந்தைகள் வேஷம் போட்டு வருவதற்கென்று அக்டோபர் 30 மாலையை ஒதுக்கினார்கள். மிட்டாய் வேண்டுமானால் ஒரு ஜோக் சொல்ல வேண்டும் என்பது வழக்கமாயிற்று. எலும்புக்கூடு ஏன் நடனத்துக்குப் போகவில்லை? கூட ஆட ஆளே இல்லை. இந்தத் தரத்தில்தான் இருக்கும் பெரும்பாலான ஜோக்குகள். ஆனாலும் வாசலில் நிற்பவர் சிரிப்பார். சிரித்தபடி மிட்டாய் போடுவார். கதவுக்கு அந்தப் பக்கம் ஒருவர், இந்தப் பக்கம் ஒருவர், நடுவில் ஓர் ஒப்பந்தம்: 'நான் பேய் இல்லை என்று உனக்குத் தெரியும். உனக்குத் தெரியும் என்று எனக்கும் தெரியும்.'

அந்த ஒப்பந்தம் ஓர் இரவு முறிந்தது. 1992 அக்டோபர் 17. லூசியானா மாநிலத்தின் பேட்டன் ரூஜ் நகரில் படிக்க வந்திருந்த 16 வயது ஜப்பானிய மாணவன் யோஷிஹிரோ ஹத்தோரி, ஹாலோவீன் விருந்து ஒன்றுக்குக் கிளம்பினான். 'சாட்டர்டே நைட் ஃபீவர்' படத்தில் ஜான் டிரவோல்டா போட்டு ஆடிய வெள்ளை சூட்டின் சாயலில் அவன் உடை. கூட வந்த அமெரிக்க நண்பன், கழுத்துப் பட்டையும் கட்டுமாக விபத்தில் அடிபட்டவன் வேஷத்தில் இருந்தான். வீட்டு எண்ணில் இரண்டு இலக்கங்கள் இடம் மாறியதால் வேறொரு வீட்டின் மணியை அடித்துவிட்டார்கள். பக்கவாட்டுக் கதவைத் திறந்த பெண்மணி பயந்து, கதவைச் சாத்திக் கணவரைத் துப்பாக்கி எடுத்து வரச் சொன்னார். கணவர் துப்பாக்கியை நீட்டி 'ஃப்ரீஸ்' என்று கத்தினார். அசையாதே என்று பொருள். ஹத்தோரி, விருந்துக்கு வந்திருக்கிறோம் என்று சொல்லிக்கொண்டே முன்னால் வந்தான். குண்டு மார்பில் பாய்ந்தது.

அந்த வீட்டு வாசலிலும் ஹாலோவீன் அலங்காரம் இருந்தது. அதைப் பார்த்துத்தான் இதுவே விருந்து வீடு என்று பையன்கள் நினைத்தார்கள். 1993 மே மாதம் ஜூரிகள் சுட்டவரை விடுவித்தார்கள். மறு ஆண்டு சிவில் நீதிமன்றம் 6,50,000 டாலர் இழப்பீடு தரச் சொன்னது. மகனை இழந்த பெற்றோர், வீடுகளில் துப்பாக்கி எளிதில் கிடைப்பதைத் தடுக்கக் கோரி ஜப்பானில் 17 லட்சம் கையெழுத்துகளைத் திரட்டி, 1993 நவம்பரில் அதிபர் கிளின்டனைச் சந்தித்தார்கள்.

துப்பாக்கிச் சட்டம் பற்றிப் பேசும்போதெல்லாம் இந்த வழக்கு நினைவுகூரப்படுகிறது. அது சரிதான். ஆனால் வேஷத்தின் பக்கம் நின்று பார்த்தால் இன்னொரு பயங்கரமும் தெரிகிறது. இருவருமே யாரையும் பயமுறுத்தும் வேஷத்தில் இல்லை. ஒருவன் நடனக்காரன், மற்றவன் நோயாளி. வேடிக்கையின் மறுபாதியாக இருக்க வேண்டியவர் அன்று அதை ஏற்கவில்லை. அவ்வளவுதான் நடந்தது. அந்த 'அவ்வளவுதான்' ஓர் உயிரின் விலை.

ஹத்தோரியின் சொந்த ஊர் நகோயா. 2003 முதல் உலகக் காஸ்ப்ளே உச்சிமாநாடு நடப்பதும் அதே நகோயாவில்தான். ஒன்றுக்கும் மற்றதற்கும் தொடர்பில்லை. ஆனால் உலகமெங்குமிருந்து வருகிற வேஷதாரிகளை அந்த ஊர்க் கடைத்தெரு கைதட்டி வரவேற்பதைப் பார்க்கும்போது அந்தப் பையனின் நினைவு வராமல் போகாது.

காஸ்ப்ளே என்பது காஸ்ட்யூம், பிளே என்ற இரண்டு சொற்களை ஜப்பானியர்கள் ஒட்டவைத்துச் செய்த சொல். 1983-இல் 'மை அனிமே' என்ற இதழில் நொபுயுகி தகஹாஷி எழுதிய கட்டுரையில் அது இடம் பெற்றது. சொல்தான் ஜப்பானுடையது, பழக்கம் அதற்கு முன்பே அமெரிக்காவில் இருந்தது. 1939 ஜூலையில் நியூயார்க்கில் முதல் உலக அறிவியல் புனைகதை மாநாடு கூடியபோது, ஃபாரஸ்ட் அக்கர்மேன் என்ற ரசிகர் மேலங்கி பறக்க எதிர்கால மனிதனாக வந்து இறங்கினார். கூட வந்த மிர்ட்டில் டக்ளஸும் அதே பாணி உடையில் இருந்தார். ரசிகர் வட்டாரத்தில் அவருக்கு 'மொரோஜோ' என்று பெயர். மாநாட்டில் வேறு யாரும் வேஷத்தில் இல்லை. அடுத்த ஆண்டே சிகாகோ மாநாட்டில் மாறுவேட விழா தனி நிகழ்ச்சி ஆகிவிட்டது.

முதல் காஸ்ப்ளேக்காரர் என்ற பட்டம் நெடுங்காலம் அக்கர்மேனுக்கே சூட்டப்பட்டு வந்தது. இரண்டு உடைகளையும் வடிவமைத்துத் தைத்தவர் மிர்ட்டில் டக்ளஸ். ஊசி பிடித்தவரை விட்டுவிட்டு உடுத்தியவரை மட்டும் நினைவில் வைப்பது சரித்திரத்துக்குப் பழகிப் போன வேலை. இன்றைய காஸ்ப்ளே உலகம் அந்தக் கணக்கைத் திருத்தத் தொடங்கியிருக்கிறது. நகோயா போட்டியில் அணிகள் தங்கள் உடையைத் தாங்களே செய்திருக்க வேண்டும் என்பது விதி.

சொந்தக் கற்பனை எல்லை மீறிப் போன கதைகளும் உண்டு. 1972-இல் லாஸ் ஏஞ்சலிஸில் நடந்த அதே அறிவியல் புனைகதை மாநாட்டு மாறுவேட விழாவுக்கு ஸ்காட் ஷா என்ற கார்ட்டூன் கலைஞர், தான் வரைந்த ஒரு பாத்திரத்தின் வேஷத்தில் வந்தார். பாத்திரம் என்னவோ மலக்கட்டி. அதற்கேற்ற நிறம் வேண்டும் என்று வேர்க்கடலை வெண்ணெயை உடம்பு முழுக்கப் பூசிக்கொண்டார். விளக்கு வெளிச்சத்தின் சூட்டில் வெண்ணெய் உருகியது, நாறியது, பக்கத்தில் நின்றவர்களின் மாதக்கணக்கான தையல் வேலையில் ஒட்டிக்கொண்டது. வேர்க்கடலை வெண்ணெய்க்கு அனுமதியில்லை என்ற விதி அதன் பிறகு இத்தகைய விழாக்களில் நிலைத்துவிட்டது. வேடிக்கைக்குப் பக்கத்து ஆளின் உடை ஒரு எல்லை என்பது இப்படித்தான் எழுத்தில் ஏறியது.

நேர் எதிர்ப்பக்கம் நிற்கிறார் தாய்லாந்தின் அனுச்சா சேங்சார்ட். 'லோகாஸ்ட் காஸ்ப்ளே' என்ற பெயரில் உலகப் புகழ் பெற்றவர். அடுப்படிச் சாமான், காய்கறி, துண்டு, பிளாஸ்டிக் கூடை, தலையணை என்று கைக்கு எட்டுவதை வைத்து வேஷம் கட்டுகிறார். ஆயிரக்கணக்கான டாலர் செலவில் உருவான சினிமாப் பாத்திரத்தின் படத்தையும், தன் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறார். நூடுல்ஸ் தலைமுடியாகிறது, கீரைக்கட்டு இறகாகிறது. ஒரு கோணத்தில் பார்த்தால் அச்சு அசல். சற்றே நகர்ந்து பார்த்தால் வெறும் சமையலறை. இரண்டையும் ஒரே நேரத்தில் பார்க்கிற கண்ணுக்குத்தான் சிரிப்பு வருகிறது. முழங்கால் முகத்தைப் போலத் தெரிகிறதென்றால் அதில் பாதி வேலையைச் செய்வது பார்ப்பவரின் மூளை.

அந்த மூளை சிரிக்க மறுக்கும் இடங்களும் இருக்கின்றன. 2005 ஜனவரியில் பிரிட்டனின் இளவரசர் ஹாரி, ஒரு விருந்துக்கு நாஜிப் படையின் சீருடை போல் ஒன்றை மாட்டி, கையில் ஸ்வஸ்திகா பட்டையுடன் போன படம் பத்திரிகையில் வந்தது. மன்னிப்புக் கேட்டார். ஜஸ்டின் ட்ரூடோ கனடாவின் பிரதமராக இருந்த 2019 செப்டம்பரில், அவர் ஆசிரியராக இருந்த காலத்துப் படம் ஒன்று வெளியானது. 2001-இல் 'அரேபிய இரவுகள்' விருந்தில் முகத்திலும் கையிலும் கருமை பூசி அலாவுதீனாக நிற்கிறார். அவரும் மன்னிப்புக் கேட்டார். இருவரும் வேடிக்கைக்குத்தான் செய்தார்கள். ஆனால் பார்ப்பவர்களில் நாஜி முகாமில் தாத்தாவை இழந்தவர் ஒருவர் இருக்கக்கூடும், கறுத்த தோலுக்காக வேலை மறுக்கப்பட்டவர் ஒருவர் இருக்கக்கூடும் என்பது அவர்கள் கணக்கில் வரவில்லை.

அமெரிக்காவின் ஒஹையோ பல்கலைக்கழக மாணவர்கள் 2011-இல் ஒரு சுவரொட்டி வரிசை வெளியிட்டார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு மாணவர் கையில் ஒரு வேஷத்தின் படத்தைப் பிடித்திருப்பார். அது அவருடைய இனத்தைக் கேலி செய்யும் வேஷம். நாங்கள் ஒரு பண்பாடு, உடுப்பு அல்ல என்பது அதன் செய்தி. வேடிக்கை தெரியாதவர்கள் என்று அவர்களைக் கிண்டல் செய்தவர்கள் உண்டு. தமிழ்நாட்டில் இந்தக் கிண்டல் எடுபடாது. குறவன் குறத்தி ஆட்டம் என்ற பெயரில் தங்கள் சமூகத்தை ஆபாசமாக மேடையேற்றுகிறார்கள் என்று குறவர் சமூகத்தினர் வெகுகாலம் போராடினார்கள். வழக்கு மதுரை உயர் நீதிமன்றக் கிளைக்குப் போனது. 2023-இல் தமிழக அரசு அந்த ஆட்டத்துக்குத் தடை விதித்தது. திருவிழாக் கூட்டம் சிரித்த அத்தனை வருஷமும், கூட்டத்தில் சிரிக்காமல் நின்றவர்கள் இருந்தார்கள்.

பார்ப்பவருக்குப் பாதிப் பங்கு உண்டு என்பதை வேறு விதமாகப் புரிந்துகொண்டவர்களும் உண்டு. விழாக்களில் காஸ்ப்ளே பெண்களைக் கேட்காமல் படம் எடுப்பது, தொடுவது, இடுப்பை வளைப்பது தொடர்ந்தபோது, 2014 நியூயார்க் காமிக் கான் வாசலில் பெரிய அறிவிப்புப் பலகைகள் எழுந்தன. காஸ்ப்ளே என்பது சம்மதம் அல்ல. படம் எடுக்கும் முன் கேளுங்கள், தொடாதீர்கள். பாத்திரம் கற்பனை, உள்ளே இருக்கும் உடம்பு நிஜம் என்பதைப் பலகை வைத்துச் சொல்ல வேண்டியிருந்தது.

கற்பனைக்கும் நிஜத்துக்கும் நடுவில் உள்ள கோடு 2022 அக்டோபர் 29 இரவு சியோலில் இன்னும் கொடூரமாக அழிந்தது. இட்டேவோன் வட்டாரத்தின் ஹாலோவீன் கூட்டம் ஒரு குறுகிய சரிவுச் சந்தில் சிக்கிக்கொண்டது. 159 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் இளைஞர்கள். கூட்டத்தை விலக்க வந்த சீருடைக்காரர்களைப் பார்த்து, அதுவும் வேஷம்தான் என்று சிலர் நினைத்துவிட்டதாக உயிர் பிழைத்தவர்கள் சொன்னார்கள். பேட்டன் ரூஜில் வேஷத்தை நிஜம் என்று நினைத்தார்கள். சியோலில் நிஜத்தை வேஷம் என்று நினைத்தார்கள். மரணங்களுக்குக் காரணம் கூட்டத்தை நிர்வகிக்க ஏற்பாடு இல்லாதது. ஆனால் மறு ஆண்டு தென்கொரியப் போலீசார், தங்கள் சீருடையை ஹாலோவீன் உடையாக விற்பதன் மீது கண் வைத்தார்கள். ஷிபுயாவின் மேயர், ஹாலோவீனுக்காக யாரும் தங்கள் பக்கம் வர வேண்டாம் என்றே கேட்டுக்கொண்டார்.

இந்த நிலையில்தான் இந்தியாவில் காஸ்ப்ளே வளர்கிறது. 2011 பிப்ரவரியில் டெல்லி ஹாட் திடலில் முதல் காமிக் கான் நடந்தபோது வேஷம் போட்டு வந்தவர்கள் வேடிக்கைப் பொருள்கள். இன்று பல நகரங்களில் நடக்கிறது. சென்னைக்கு 2024 பிப்ரவரியில் வந்தது. நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில் நருட்டோக்களும் அயர்ன்மேன்களும் நிரம்பி வழிந்தார்கள். அயர்ன்மேன் கவசம் பெரும்பாலும் ஹவாய்ச் செருப்பின் இனத்தைச் சேர்ந்த ஃபோம் ஷீட். பேப்பர் கத்தியால் வெட்டி, ஹீட் கன்னால் வளைத்து, பசையால் ஒட்டி, மேலே பெயின்ட் அடித்தால் இரும்பு. இதைச் செய்பவர்கள் கல்லூரி மாணவர்களும் கணினி நிறுவன ஊழியர்களும். பரீட்சைக்கும் புராஜெக்டுக்கும் நடுவே இரவு இரண்டு மணிக்குத் தோள்பட்டை ஒட்டுகிறவர்கள்.

கதவைத் தட்டும் வேஷம் இந்த நாட்டுக்குப் புதிதல்ல. ராஜஸ்தானிலும் வங்காளத்திலும் பஹுரூபிகள் தலைமுறை தலைமுறையாகப் போலீஸ்காரராக, சாமியாராக, குரங்காகத் தெருவில் வந்து ஊரை ஏமாற்றி, உண்மை தெரிந்து ஊர் சிரித்ததும் காசு வாங்கிக்கொண்டு போனார்கள். குரங்கு வேஷத்தில் பேர் வாங்கிய பில்வாராவின் ஜானகிலாலுக்கு 2024-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. திருச்செந்தூர் அருகே குலசேகரப்பட்டினம் தசராவுக்கு வேஷம் கட்டுவது நேர்த்திக்கடன். காளியாகவும் குரங்காகவும் ஊர் ஊராகக் காணிக்கை கேட்டு, முத்தாரம்மன் உண்டியலில் சேர்க்கிறார்கள். அங்கே கதவைத் திறப்பவருக்குத் தன் பங்கு என்ன என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. கையெடுத்துக் கும்பிட்டுக் காசு போடுகிறார்.

பெருநகரத்து அடுக்குமாடிகளில் அக்டோபர் கடைசியில் மிட்டாய் வாளியோடு அழைப்பு மணி அடிக்கும் குட்டிப் பேய்களுக்கு அந்த வசதி இல்லை. உள்ளே இருக்கும் பாட்டிக்கு அது ஹாலோவீன் என்று தெரியாது. அந்தி நேரத்தில் வாசலில் இது என்ன கோலம் என்பார். குழந்தை விழிக்கும். கடையில் வாங்கிய எலும்புக்கூடு அங்கிக்கு அந்த வாசலில் சொல்ல ஒன்றும் இல்லை.

அதற்குப் பதில் டோக்கியோக்காரர்களின் யோசனையை இங்கே முயன்று பார்க்கலாம். லோயர் பெர்த் கேட்டு அப்பர் பெர்த் கிடைத்த மாமா, கையில் டிக்கெட்டும் முகத்தில் அண்ணாந்த பார்வையுமாக வரலாம். கல்யாணப் பந்தியில் சாப்பிடுகிறவரின் நாற்காலிக்குப் பின்னால் இடம் பிடித்து நிற்பவராக ஒரு பையன் வரலாம். பேனா கடன் கேட்டுவிட்டுப் படிவத்தில் எங்கே கையெழுத்துப் போடுவது என்று தேடும் வங்கி வாடிக்கையாளர், கரண்ட் போனதும் பக்கத்து வீட்டிலும் போயிருக்கிறதா என்று எட்டிப் பார்ப்பவர் என்று பட்டியல் நீளும். தையற்கூலி இல்லை, வாடகை இல்லை, எவர் இனத்தையும் ஏளனம் செய்ய வேண்டியதில்லை. கேலி செய்யப்படுபவரும் கேலி செய்பவரும் ஒருவரே.

அப்படி ஒரு வேஷத்தில் பேரன் வந்து நின்றால் அந்தப் பாட்டி இரண்டு நொடி உற்றுப் பார்ப்பார். மூன்றாவது நொடியில் 'அடப் படவா, உங்க தாத்தா மாதிரியே நிக்கறியே' என்று சிரிப்பார். மிட்டாய் இல்லாவிட்டாலும் முறுக்காவது கிடைக்கும்.